மிஸ் ஆன் முதல் கேரன் வரை: அமெரிக்க இணைய மீம்களில் இனச் சலுகையும் பெயரிடலும்

ஆய்வுச்சுருக்கம்

வெள்ளையினப் பெண்கள் சிலரின் இனச் சலுகையையும் அதன் வழிப்பட்ட ஆதிக்க நடத்தையையும் எள்ளும் 'பெக்கி', 'கேரன்' மீம்கள் 2018 முதல் 2020 வரையிலான காலத்தில் அமெரிக்க இணையவெளியில் பெருகின. இவை நாகரிகக் குறைவைப் பழிப்பவை என்றே பரவலாகக் கொள்ளப்படுகின்றன. இவற்றின் மையம் நடத்தையன்று, காவல்துறையை வரவழைக்கும் தொலைபேசி அழைப்பே என்பதையும், பெயர் பரவப் பரவ அவ்வழைப்பு மறைந்து தலைமுடியும் வயதுமே எஞ்சின என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

திறவுச்சொற்கள்: மீம், இனச் சலுகை, அங்கதம், பெயரிடல், கேரன், கறுப்பினப் பண்பாடு

முன்னுரை

2018ஆம் ஆண்டு ஏப்ரல் 29 அன்று, கலிபோர்னியா மாநிலத்தின் ஓக்லாந்து நகரிலுள்ள மெரிட் ஏரிக்கரையில் கறுப்பினத்தவர் சிலர் கரியடுப்பு மூட்டி இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தனர். அவ்வழியே வந்த வெள்ளையினப் பெண் ஒருவர், அவ்விடத்தில் கரியடுப்புக்கு இசைவில்லை என்று கூறிக் காவல்துறையைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் காத்துநின்ற காட்சியை அங்கிருந்த வேறொரு பெண் படம்பிடித்து இணையத்தில் வெளியிட்டார். காவலர் வந்தனர், எவரும் கைது செய்யப்படவில்லை. நிகழ்வு அத்துடன் முடிந்தது. ஆயின் கருங்கண்ணாடி அணிந்து, கைப்பேசியைக் காதில் வைத்து நின்ற அப்பெண்ணின் உருவம் முடியவில்லை. சில நாட்களில் அதற்கு 'பார்பிக்யூ பெக்கி' என்னும் பெயர் வாய்த்தது.

அவ்வுருவத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பிற படங்களில் ஒட்டும் வழக்கம் உடனே தொடங்கியது. மார்ட்டின் லூதர் கிங் உரையாற்றும் காட்சியிலும், பராக் ஒபாமாவின் படங்களிலும், 'பிளாக் பாந்தர்' திரைப்படத்தின் கற்பனை நாடான வக்காண்டாவிலும் அதே பெண் அதே கைப்பேசியுடன் நின்று புகார் கூறிக்கொண்டிருந்தார். இப்படங்களைக் கண்டு நகைத்தவர் பலர். இவற்றில் ஒரு வரலாற்றுக் கூற்று அடங்கியிருப்பதை அந்நகைப்பினிடையே காணத் தவறியவரும் பலர். 2018இல் எடுத்த உருவத்தை 1963இன் படத்தில் ஒட்டியவர், இவ்வழைப்பு இன்று தோன்றியதன்று, அன்றும் இருந்தது என்று கூறுகின்றார். கறுப்பின மக்கள் கூடும் இடந்தோறும், அவர்கள் மகிழும் பொழுதுதோறும், ஓரத்தில் ஒருவர் புகாருடன் நின்றிருக்கின்றார் என்பதே அப்படங்களின் பொருள்.

மீம்: ஒரு சிறு விளக்கம்

'மீம்' என்னும் சொல்லை உயிரியல் அறிஞர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1976இல் தம் 'தி செல்ஃபிஷ் ஜீன்' நூலில் உருவாக்கினார். மரபணு உடல்வழிப் படியெடுக்கப்படுவது போலப் பண்பாட்டுக் கூறுகள் மனித மனங்களின் வழியே படியெடுக்கப்படுகின்றன என்பது அவர் கருத்து. இணைய மீம்களை ஆராய்ந்த லிமோர் ஷிஃப்மன், தனித்த ஒரு படத்தை மீமாகக் கொள்ளாமல், ஒன்றையொன்று அறிந்து உருவாக்கப்பட்ட படங்களின் தொகுதியையே மீமாகக் கொள்கின்றார்.

தமிழ் வாசகர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2001இல் வெளிவந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தின் நேசமணி 2019 மே மாதத்தில் உலகெங்கும் பேசப்பட்டதை நாம் அறிவோம். எனினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. நேசமணி, நடிகர் வடிவேலு ஏற்ற வேடம். அவ்வேடத்தின் தலையில் எத்தனை முறை சுத்தியல் விழுந்தாலும் எவர்க்கும் நோவில்லை. பெக்கியோ உயிருள்ள ஒருவரின் உண்மை உருவம். அவர்க்கு வேறு பெயர் உண்டு, வேலை உண்டு, முகவரி உண்டு. இம்மீம்களின் ஆற்றலும் அறச்சிக்கலும் ஒருங்கே பிறக்கும் இடம் இதுவே.

பெயரிடும் மரபு

ஏரிக்கரை நிகழ்வைத் தொடர்ந்து பெயர்கள் வரிசையாகத் தோன்றின. அதே ஆண்டு ஜூனில் சான் பிரான்சிஸ்கோவில் தண்ணீர்ப் புட்டி விற்ற எட்டு வயதுக் கறுப்பினச் சிறுமியைக் குறித்துக் காவல்துறையை அழைத்தவர் 'பெர்மிட் பேட்டி' ஆனார். அக்டோபரில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிக் கடையொன்றில், ஒன்பது வயதுச் சிறுவன் தம்மைத் தகாத முறையில் தொட்டான் என்று புகாரளித்தவர் 'கார்னர்ஸ்டோர் கேரலைன்' ஆனார். அச்சிறுவனின் முதுகுப்பையே அவர்மீது உரசியது என்பதைக் கடையின் கண்காணிப்புப் படக்கருவி காட்டிற்று. இடத்தின் பெயரையோ புகாரின் பொருளையோ அடையாக்கி, அதன் முதலெழுத்தோடு மோனை பொருந்தும் பெண்பெயர் ஒன்றைச் சேர்ப்பதே இப்பெயர்களின் அமைப்பு. மக்கள் நாவில் எளிதில் நிலைபெறுவதற்கு மோனை எம்மொழியிலும் துணைநிற்கின்றது போலும்.

இவ்வழக்கம் இணையத்தில் பிறந்ததன்று. அடிமைமுறைக் காலந்தொட்டே கறுப்பின மக்கள் தம்முள் பேசும்போது வெள்ளையினத் தலைவியை 'மிஸ் ஆன்' என்றும், தலைவனை 'மிஸ்டர் சார்லி' என்றும் குறித்தனர். அடிமைமுறை ஒழிந்த பின்னரும், ஜிம் குரோ சட்டங்கள் நிலவிய தென்மாநிலங்களில் வெள்ளையர் வீடுகளில் சமைத்தும் துவைத்தும் பிழைத்த பெண்களின் பேச்சில் மிஸ் ஆன் வாழ்ந்தாள். அது எந்தத் தலைவியின் இயற்பெயரும் அன்று; அதனால் எல்லாத் தலைவியர்க்கும் பொருந்தியது. செவியில் விழுந்தாலும் தலைவிக்கு விளங்காது. விளங்கினாலும் குற்றஞ்சாட்ட இயலாது. ஜேம்ஸ் பால்ட்வின் 1964இல் அரங்கேறிய தம் நாடகத்திற்கு 'புளூஸ் ஃபார் மிஸ்டர் சார்லி' என்று பெயரிட்டது இம்மரபை அறிந்தே.

தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாகப் பகுக்கின்றது. வெளிப்படையாகப் பழிப்பது முன்னது. பழியை மொழிக்குள் மறைத்துக் கூறுவது பின்னது. மிஸ் ஆன் பழிகரப்பு அங்கதத்தின் பாற்பட்டவள். மறைக்க வேண்டிய தேவை அன்று இருந்தது. வாய்தவறினால் வேலை போகும், சில வேளை உயிரும் போகும். பெக்கியும் கேரனும் செம்பொருள் அங்கதத்தின் பாற்பட்டவர்கள். முகமும் குரலும் காட்டி ஊரறியப் பழிக்கும் துணிவைக் கைப்பேசிப் படக்கருவி தந்தது. ஏப்ரல் வில்லியம்ஸ் 2020இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இம்மீம்களைக் கறுப்பின மக்களின் பண்பாட்டுத் திறனாய்வாகவே கொள்கின்றார். அடக்குமுறைக்குள் வாழ்ந்தோர் வளர்த்த மறைமொழியின் இன்றைய வடிவமாக இவற்றைக் கருதுவதில் தவறில்லை என்பது என் கருத்தும் ஆகும்.

'கேரன்' என்னும் பெயரின் வரவு சற்று வேறுபட்டது. தமிழில் சூழ்ச்சிக்காரனைச் 'சகுனி' என்கிறோம், வள்ளன்மை உடையவனைக் 'கர்ணன்' என்கிறோம். அப்பெயர்கள் பண்பைக் குறிப்பதற்குப் பின்னணியில் ஒரு கதை உண்டு. கேரனுக்குக் கதையில்லை. அவளுக்கு இருந்தது வயது மட்டுமே. அமெரிக்கப் பெண்குழந்தைகளுக்கு இடப்பட்ட பெயர்களுள் கேரன் 1965இல் மூன்றாம் இடம் பெற்றிருந்தது. பின்னர் வழக்கு அருகிற்று. ஆகவே 2020இல் அப்பெயரைக் கேட்பவர் மனத்தில் ஐம்பதை ஒட்டிய, வசதியான, வெள்ளையினப் பெண்ணின் தோற்றமே எழும். உண்மையில் அப்பெயரைத் தாங்கிய கறுப்பினப் பெண்களும் உளர். ஆயின் ஆகுபெயர் விதிவிலக்குகளை எண்ணுவதில்லை.

அழைப்பின் வரலாறு

ஒரு புகார் அழைப்பு ஏன் இத்துணைச் சினத்தை எழுப்புகின்றது? அடுப்பு மூட்டியவர்க்கு அன்று தீங்கொன்றும் நேரவில்லையே என்று வினவுவோர் உண்டு. இவ்வினாவிற்கு விடை ஓக்லாந்தில் இல்லை. அதற்கு முந்தைய நூறாண்டு வரலாற்றில் உள்ளது.

1892இல் இதழாளர் ஐடா பி. வெல்ஸ், வெள்ளையினப் பெண்ணின் மானத்தைக் காப்பதாகக் கூறி நிகழ்த்தப்பட்ட கும்பல் கொலைகள் பலவற்றின் பின்னணியை ஆராய்ந்து, அக்குற்றச்சாட்டு பெரும்பாலும் போர்வையே என்று எழுதினார். அதன் விளைவாக மெம்பிஸ் நகரில் அவருடைய இதழ் அலுவலகம் சிதைக்கப்பட்டது. 1931இல் அலபாமா மாநிலத்தில் தொடர்வண்டியில் பயணம் செய்த கறுப்பின இளைஞர் ஒன்பதின்மர்மீது வெள்ளையினப் பெண்கள் இருவர் பொய்க் குற்றஞ்சாட்டினர். ஸ்காட்ஸ்பரோவில் நடந்த முதல் விசாரணைகளில் எண்மர்க்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அப்பெண்களுள் ஒருவர் 1933இல் தம் சொல்லை மறுத்துரைத்தும் வழக்கு நீண்டது. 1955 ஆகஸ்டில் மிசிசிப்பியின் மணி என்னும் சிற்றூரில், சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டிற்கு வந்திருந்த 14 வயது எம்மெட் டில், கடையில் இருந்த வெள்ளையினப் பெண்ணிடம் முறைதவறி நடந்தான் என்னும் பேச்சின்பேரில் கடத்திக் கொல்லப்பட்டான். கொன்றோரை வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு விடுவித்தது. அடுத்த ஆண்டே அவர்கள் தம் செயலை ஓர் இதழில் ஒப்புக்கொண்டனர். மகனின் சிதைந்த முகத்தை உலகம் காணட்டும் என்று பேழையைத் திறந்துவைத்தார் தாய் மாமி டில்.

இந்நிகழ்வுகளில் வெள்ளையினப் பெண்ணின் சொல் தானே கொல்லவில்லை. கொல்லும் ஆற்றல் படைத்த ஆடவரையும் மன்றத்தையும் அது இயக்கியது. இதனை இரவல் அதிகாரம் என்று கூறுவோர் உண்டு: ஆணாதிக்கச் சமுதாயத்தில் தாமே அடங்கியிருந்த பெண்கள், தம் இனத்து ஆடவரின் வலிமையைக் கடன் வாங்கினர் என்பது அவர்தம் கருத்து. இக்கருத்தை முழுமையாக ஏற்க இயலவில்லை. வரலாற்றறிஞர் ஸ்டெஃபனி ஜோன்ஸ் ராஜர்ஸ் 2019இல் வெளியிட்ட 'தே வேர் ஹெர் பிராப்பர்ட்டி' நூல், தென்மாநில வெள்ளையினப் பெண்கள் தம் பெயரிலேயே அடிமைகளை உடைமையாகப் பெற்றும், விற்றும், தண்டித்தும் வந்ததை முன்னாள் அடிமைகளின் வாய்மொழிச் சான்றுகளைக்கொண்டு நிறுவுகின்றது. பெற்றோர் மகளிர்க்கு நிலத்தைவிட அடிமைகளையே மிகுதியாக வழங்கினர். எனவே மிஸ் ஆன் வெறும் தலைவன் மனைவி அல்லள், உடைமையாளர். வெள்ளை நிறமே சட்டம் காக்கும் ஒருவகைச் சொத்தாக அமைந்தது என்று சட்ட அறிஞர் செரில் ஹாரிஸ் 1993இல் எழுதியது இங்கு நினையத்தக்கது. சொத்துடையவர் அத்துமீறலைக் கண்டால் காவலரை அழைப்பார். மெரிட் ஏரிக்கரை அனைவர்க்கும் பொதுவானது. ஆயினும் அங்கே அழைத்தவர் தம் முற்றத்தில் பிறர் நுழைந்ததுபோல் அழைத்தார்.

அந்நகரின் நிலையும் ஒரு காரணம். ஓக்லாந்து மக்களுள் கறுப்பினத்தவர் 1980இல் ஏறத்தாழ 47 விழுக்காடு. 2010இல் 28 விழுக்காடு. வாடகை உயர்வால் பழங்குடியிருப்பாளர் வெளியேற, புதியோர் குடிவந்த நகரில், ஏரிக்கரை யாருக்குரியது என்பது அடுப்பைப் பற்றிய வினா மட்டும் அன்று. அடுத்த மாதமே நகர மக்கள் அதே ஏரிக்கரையில் பெருந்திரளாகக் கூடி, அடுப்புகள் மூட்டி, உண்டு, ஆடிப்பாடினர். இம்மீம் குறித்து எழுதுவோர் இவ்விருந்தை ஓரிரு சொற்களில் கடந்துவிடுகின்றனர். என் நோக்கில், படங்கள் கூறியதற்கு நிகரான விடையை அவ்விருந்தும் கூறிற்று.

சென்ட்ரல் பார்க்: முன்னிலை படர்க்கையாதல்

2020 மே 25 காலையில் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் நிகழ்ந்தது, இவ்வழைப்பின் இலக்கணத்தைத் தெளிவாகக் காட்டுகின்றது. பறவை நோக்கும் கறுப்பினத்தவர் ஒருவர், நாயைக் கயிற்றில் பிணைக்குமாறு வெள்ளையினப் பெண் ஒருவரைக் கேட்டார். பூங்காவின் அப்பகுதியில் அதுவே விதி. அப்பெண் மறுத்தார். அவர் கைப்பேசியில் படம்பிடிக்கத் தொடங்கவே, காவல்துறையை அழைத்து, ஆப்பிரிக்க அமெரிக்கர் ஒருவர் தம் உயிருக்கு அச்சுறுத்தல் விளைவிப்பதாகக் கூறப்போவதாக முதலில் அவரிடமே தெரிவித்தார். பின்னர் அவ்வாறே அழைத்தார். குரல் படிப்படியாக உயர்ந்து அச்சக் குரலாயிற்று.

தமிழிலக்கணத்தின் மூவிடப் பாகுபாடு இங்குப் பெரிதும் துணைபுரிகின்றது. இருவர் பூசல் தன்மைக்கும் முன்னிலைக்கும் இடைப்பட்டது. 'நீ', 'நான்' என்று வாதிடுவோர் சமநிலையில் நிற்கின்றனர். தொலைபேசியை எடுத்த கணத்தில் எதிரில் நிற்பவர் படர்க்கையாகின்றார். அவரைப் பற்றிப் பேசலாம். அவர் பேச இயலாது. புதிய முன்னிலையாக வருபவர் துப்பாக்கி ஏந்திய காவலர். அப்படர்க்கைக்கு இனப்பெயர் ஒன்றைச் சேர்த்தாலே போதும். எஞ்சியதைக் கேட்போரின் அச்சம் நிரப்பிக்கொள்ளும். அப்பெண் வசைச்சொல் எதனையும் ஆளவில்லை என்பதும் நோக்கத்தக்கது. மதிப்பு கருதி உருவாக்கப்பட்ட 'ஆப்பிரிக்க அமெரிக்கர்' என்னும் தொடரே அங்குப் படைக்கலம் ஆயிற்று.

அன்று மாலையே மினியாபோலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலர் ஒருவரின் முழங்காலின்கீழ் உயிரிழந்தார். இரு காணொளிகளும் ஒருசேர உலகைச் சுற்றிவந்தன. முதலாவதைக் கண்டு, ஓர் அழைப்பால் என்ன நேர்ந்துவிடும் என்று வினவியவர்க்கு இரண்டாவது விடையாயிற்று. ஃபிளாய்டின் இறப்பும் ஓர் அழைப்பில் தொடங்கியதே: 20 டாலர் தாள் கள்ளத்தாள் என்ற ஐயத்தில் கடையிலிருந்து சென்ற அழைப்பு அது.

பொருள் நீர்த்தல்

கேரன் உலகப்புகழ் பெற்றது இதன் பின்னரே. அப்புகழே அதன் பொருளை நீர்க்கச் செய்தது. அப்பெயருக்கு முன்பே வேறொரு வாழ்வு இருந்தது. பின்புறம் குட்டையாகவும் முன்புறம் நீளமாகவும் வெட்டிய முடியுடன், கடையில் 'மேலாளரைக் கூப்பிடு' என்று அதட்டும் வாடிக்கையாளர் குறித்த நகைப்படங்கள் முந்தைய ஆண்டுகளிலேயே உலவின. பெருந்தொற்றுக் காலத்தில் முகக்கவசம் அணிய மறுத்தவரும் கேரன் எனப்பட்டார். மேலாளரை அழைப்பதும் காவலரை அழைப்பதும் அமைப்பால் ஒன்றே. இரண்டிலும் எதிரில் நிற்பவர் படர்க்கையாக்கப்படுகின்றார். கடைப் பணியாளரின் வேலை பறிபோகலாம் என்பதால் அதனையும் சிறிதென்று தள்ளுவதற்கில்லை. ஆயின் விளைவின் அளவு வேறு. இவ்விரண்டும் ஒரே பெயரில் கலந்தபோது, இனம் என்னும் கூறு முதலில் மங்கிற்று. காவல்துறை அடுத்து மங்கிற்று. எஞ்சியவை தலைமுடி, வயது, உரத்த குரல். தொல்காப்பியர் நகைக்குரிய நிலைக்களன்களுள் முதலாவதாக எள்ளலைக் கூறுகின்றார். எள்ளல் எதனை நோக்கியது என்பது மாறும்போது நகையின் தன்மையும் மாறுகின்றது.

எனவே இப்பெயர் பெண்வெறுப்பின் வெளிப்பாடு என்று பிரித்தானியப் பெண்ணிய எழுத்தாளர் ஜூலி பிண்டல் போன்றோர் 2020இல் எழுப்பிய ஐயத்தைப் புறந்தள்ள இயலாது. ஆடவர்க்கு 'கென்' முதலிய பெயர்கள் முன்வைக்கப்பட்டும் கேரன் அளவிற்கு அவை வேரூன்றவில்லை. நடுத்தர வயதுப் பெண் எவரேனும் உரத்துப் பேசினாலே அவரை வாயடைக்கும் சொல்லாகக் கேரன் பயன்பட்டதும் உண்மை. எனினும் இவ்வெதிர்ப்பில் ஒரு குறை உண்டு. அது நீர்த்துப்போன சொல்லைக்கொண்டு மூலச் சொல்லையும் மறுக்கின்றது. மிஸ் ஆனுக்குப் பெயரிட்டவர்களும் பெண்களே, அவள் வீட்டின் அடுப்படியில் நின்றவர்கள், என்பதை அது மறந்துவிடுகின்றது.

மற்றொரு குறை மீமிலேயே உள்ளது. 2014 ஆகஸ்டில் ஒஹையோ மாநில வால்மார்ட் கடையொன்றில், விற்பனைக்கு வைத்திருந்த காற்றுத் துப்பாக்கியைக் கையில் ஏந்தியிருந்த ஜான் கிராஃபோர்ட், பிறர் ஒருவர் விடுத்த அழைப்பின்பேரில் வந்த காவலரால் கொல்லப்பட்டார். அதே ஆண்டு நவம்பரில் கிளீவ்லாந்து பூங்காவில் விளையாட்டுத் துப்பாக்கியுடன் இருந்த 12 வயது டமீர் ரைஸும் அவ்வாறே சுடப்பட்டு இறந்தான். இவ்விரு அழைப்புகளையும் விடுத்தவர்கள் பெண்கள் அல்லர். அவர்களுக்கு மோனைப் பெயர் எதுவும் வாய்க்கவில்லை. கையில் உருவம் இருந்தால்தான் மீம் உண்டு. அழைத்தவர் படத்தில் இல்லாத இடங்களில் நகைக்க எவரும் இலர்.

தண்டனையும் சட்டமும்

படத்தில் சிக்கியவர்க்குத் தண்டனை விரைந்து வந்தது. தண்ணீர் விற்ற சிறுமியை மிரட்டியவர் தம் நிறுவனப் பொறுப்பிலிருந்து விலகினார். சென்ட்ரல் பார்க் நிகழ்வில் அப்பெண்ணை அவருடைய நிறுவனம் மறுநாளே பணிநீக்கம் செய்தது. பொய்ப்புகார் வழக்கும் தொடரப்பட்டது. ஆயின் அவ்வழக்கிற்கு ஒத்துழைக்கப் பறவை நோக்கியவர் மறுத்துவிட்டார். அவர் ஏற்கெனவே விலை கொடுத்துவிட்டார் என்பது அவருடைய நிலைப்பாடு. இன உணர்வு குறித்த அறிவுரை அமர்வுகளை அப்பெண் முடித்த பின், 2021 பிப்ரவரியில் வழக்கு தள்ளுபடியாயிற்று. அந்நிகழ்வில் மிகக் குறைவாகத் தண்டனை வேண்டியவர் பாதிக்கப்பட்டவரே. அவரைக் காட்டிலும் கடுமையாக முழங்கியவர்கள் திரைக்கு இப்புறம் இருந்த நாம்.

சட்டமியற்றியோர் வேறொரு வழியில் சென்றனர். சான் பிரான்சிஸ்கோ நகரமன்ற உறுப்பினர் ஷமான் வால்டன், இனக்காழ்ப்பால் விடுக்கும் 911 அழைப்புகளுக்கு எதிராக 2020 ஜூலையில் கொணர்ந்த முன்வரைவின் ஆங்கிலப் பெயரை, அதன் முதலெழுத்துகள் 'கேரன்' என்று ஒலிக்குமாறு அமைத்தார். அது அக்டோபரில் ஒருமனதாக நிறைவேறியது. மீம் ஒன்று சட்டத்தின் தலைப்பில் ஏறியது அரிய நிகழ்ச்சியே. அப்பெயரைத் தாங்கிய பெண்கள் சிலர் அதனை விரும்பவில்லை என்பதில் வியப்பில்லை.

ஓரிகன் மாநிலம் அதற்கு ஓராண்டு முன்னரே இத்தகைய சட்டத்தை இயற்றியிருந்தது. அதனைக் கொணர்ந்தவர் மாநிலச் சட்டமன்றக் கறுப்பின உறுப்பினர் ஜனெல் பைனம். 2018 கோடையில் அவர் தம் தொகுதியில் வீடுவீடாகச் சென்று வாக்காளரைச் சந்தித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, ஐயத்திற்குரிய ஒருவர் உலவுவதாக எவரோ காவல்துறையை அழைத்தனர். வந்த காவலரிடம் அவர் தம்மை இன்னார் என்று விளக்க வேண்டியதாயிற்று. பின்னர் இயற்றப்பட்ட சட்டம், தீய நோக்குடன் விடுத்த அழைப்பால் பாதிக்கப்பட்டவர் அழைத்தவர்மீது உரிமையியல் வழக்குத் தொடர வழிசெய்கின்றது. இழப்பீடாக 250 டாலர் என்னும் தொகையையும் குறிப்பிடுகின்றது. அச்சட்டத்தில் அழைப்பவர்க்குப் பெயரில்லை, பால் இல்லை, தலைமுடியும் இல்லை. அழைப்பு மட்டுமே உண்டு.